நாற்பதில் முதல் குழந்தை... எங்கே தொலைகின்றன மாதங்கள்?

மண்டபத்தில் வளைகாப்பு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியின் கன்னங்களில் சந்தனம், இரண்டு கைகளிலும் வளையல்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் நலங்கு வைத்து, வளையல் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த வரிசையில் நிற்கவேண்டிய ஒருவர் மட்டும் பந்தியில் நின்றுகொண்டு, 'புளிசாதம் இந்தப் பக்கம் வரலையே' என்று பரிமாறுபவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது 41. கர்ப்பிணிக்குச் சொந்தச் சித்தி. அவரை 'வராதே' என்று யாரும் சொல்லவில்லை. 'நீயும் வந்து போடு' என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

அவருக்குத் திருமணமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. கணவருக்கு 45. 'ஏதும் விசேஷம் உண்டா?' என்ற கேள்வி முதல் வருடம் சிரிப்போடு வந்தது. இரண்டாவது வருடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. மூன்றாவது வருடம் யாரும் கேட்பதில்லை. அதுதான் இன்னும் கனமாக இருக்கிறது.

அடுத்த வாரம் இருவரும் ஒரு கருத்தரிப்பு மையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

''எவ்வளவு நாளா முயற்சி பண்றீங்க?''

''மூணு வருஷமா டாக்டர்.''

''சாருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?''

பதில் இல்லை. இந்த மூன்று வருடங்களில் அவர் இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிருக்கிறார். மூன்று கோயில்களில் வேண்டுதல் வைத்திருக்கிறார். ஒரு நாட்டு வைத்தியரிடம் ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டிருக்கிறார். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் விந்தணுப் பரிசோதனை மட்டும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட தம்பதிகளை இன்று சென்னை, கோவை, மதுரை, திருச்சி என எந்த ஊர்க் கருத்தரிப்பு மையத்தின் காத்திருப்பு அறையிலும் பார்க்கலாம். அவர்களுக்கு முன்னால் இருப்பது ஒரே கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் முதல் குழந்தை சாத்தியமா? சாத்தியம்தான். ஆனால், அதற்கான கதவு திறந்திருக்கும் நேரம் குறைவு. இருக்கிற அந்த நேரமும் வீட்டுக்குள்ளேயே, யாரும் கவனிக்காமல், மாதம் மாதமாகக் கரைந்துபோகிறது என்பதுதான் பிரச்னை.

நாற்பது எப்படி வந்தது?

'படிப்பு, வேலைன்னு தள்ளிப்போட்டா இப்படித்தான்' என்று பெண்ணின் மீது பழியைப் போட்டுவிடுவது எளிது. உண்மையில், நாற்பதில் முதல் குழந்தைக்கு முயல்பவர்களில் பலர் எதையும் தள்ளிப்போட்டவர்கள் அல்லர். செவ்வாய் தோஷம், நாக தோஷம் என்று ஜாதகம் பொருந்தாமல் 38 வயதில் கழுத்தில் தாலி ஏறியவர்கள் இருக்கிறார்கள். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தன் திருமணத்தைப் பற்றி யோசித்த அண்ணன்கள் இருக்கிறார்கள். முதல் திருமணம் முறிந்து, மறுமணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வகையினரும் உண்டு. கணவர் துபாயிலோ, குவைத்திலோ வேலை பார்ப்பார். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை நாற்பது, ஐம்பது நாள் விடுப்பில் வருவார். 'கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு, இன்னும் குழந்தை இல்லை' என்று ஊர் சொல்லும். சேர்ந்து வாழ்ந்த நாள்களைக் கூட்டிப் பார்த்தால் எட்டு மாதம்கூடத் தேறாது. இவர்களுக்குக் குறை எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஆனால், அந்த எட்டு வருடங்களில் வயது மட்டும் விடுப்பு எடுக்கவில்லை.

கருமுட்டையின் வயது

ஆணுக்கு விந்தணுக்கள் புதிது புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை கருமுட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது அது 3 முதல் 4 லட்சமாகக் குறைந்திருக்கும். 37 வயதை ஒட்டி 25,000 அளவுக்கு வந்துவிடும். மாத்திரை சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இந்தக் குறைவு நிற்பதில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. மேற்கத்திய நாடுகளைவிட இது நான்கைந்து வருடங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதால், நாற்பதுகளில் இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு.

எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் தரம். 41 வயதுப் பெண்ணின் சினைப்பையிலிருந்து இன்று வெளிவரும் முட்டைக்கும் வயது 41தான். அது முதிர்ந்து குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்கும்போது பிழை நேரும் வாய்ப்பு வயதோடு ஏறுகிறது. 40 வயதில் உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒட்டாமலே போய்விடும், அல்லது ஆரம்பத்திலேயே கலைந்துவிடும்.

இதன் விளைவை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் எளிய கணக்காகச் சொல்கிறது. நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும் 30 வயதுப் பெண்கள் 100 பேர் ஒரு மாதம் முயன்றால், சுமார் 20 பேர் கருத்தரிப்பார்கள். 40 வயதில் அதே 100 பேரில் 5 பேருக்கும் குறைவு.

இந்த எண் பயமுறுத்துவதற்காக அல்ல. மாதம் 5 சதவிகிதத்துக்கும் குறைவு என்றால், ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று அர்த்தம். 28 வயதில் ஆறு மாதம் வீணானால் பெரிய நஷ்டமில்லை. 42 வயதில் அந்த ஆறு மாதம் திரும்பி வராது.

'அந்த நடிகைக்கு 46-ல் பிறந்ததே?'

பிறக்கிறதுதான். ஆனால், புகைப்படத்தோடு வரும் அந்தச் செய்தியில் எல்லாம் இருக்காது. அந்தக் குழந்தை பல வருடங்களுக்கு முன் உறையவைத்த கருமுட்டையில் உருவானதா, இளம்பெண் ஒருவர் தானம் தந்த முட்டையா, வாடகைத்தாயா என்பது அவர்களின் அந்தரங்கம். அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால், அதைப் பார்த்துவிட்டு 'நமக்கும் இன்னும் நாலு வருஷம் இருக்கு' என்று ஒரு தம்பதி கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு தப்பாகிவிடும். 45 வயதுக்கு மேல் சொந்தக் கருமுட்டையில் குழந்தை பிறப்பது அபூர்வம்.

இருவரும், ஒரே நாளில்

பொதுவாக ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால்தான் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40-ஐத் தாண்டியவர்களுக்குக் காத்திருப்பே கிடையாது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த உடனேயே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சோதனைகளும் ஆயிரம் இல்லை. சரியாகத் திட்டமிட்டால் ஒரே மாதவிலக்குச் சுழற்சிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

பெண்ணுக்கு, மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் எத்தனை சிறு முட்டைப்பைகள் தெரிகின்றன என்று எண்ணுவார்கள். ஏ.எம்.ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை, முட்டைகளின் கையிருப்பு எவ்வளவு என்று சொல்லும். இதில் ஒரு குழப்பம் உண்டு. ஏ.எம்.ஹெச் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே. தரத்தைச் சொல்லாது. 42 வயதில் ஏ.எம்.ஹெச் நன்றாக இருக்கிறது என்பதற்காக முட்டை இளமையாகிவிடாது. அது குறைவாக இருக்கிறது என்பதற்காக, இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்றும் ஆகிவிடாது.

அடுத்து தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம். பிறகு கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி என்ற எக்ஸ்ரே. இந்தியாவில் கருக்குழாய் அடைப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நுரையீரலைத் தாக்காமல் கருப்பைப் பக்கம் தங்கிவிடும் காசநோய். இருமல், காய்ச்சல் என எந்த அறிகுறியும் இல்லாமலே அது இருந்துவிட்டுப் போகலாம். நாற்பதுகளில் கருப்பைக் கட்டிகளும் அதிகம். எல்லாக் கட்டிகளையும் அகற்றத் தேவையில்லை. கருப்பையின் உட்பகுதியை அழுத்தும் கட்டிதான் தொந்தரவு.

கணவருக்கு ஒரே ஒரு சோதனைதான் முதலில் தேவை. இரண்டு முதல் ஏழு நாள்கள் தாம்பத்தியம் தவிர்த்து, விந்து மாதிரி கொடுத்தால் போதும். குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் பங்கு இருக்கிறது. இருந்தும் பெரும்பாலான வீடுகளில் பெண்ணுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் ஆணின் முறை வருகிறது. 'எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது' என்ற ஒற்றை வாக்கியம், பல தம்பதிகளின் ஒரு முழு வருடத்தைத் தின்றிருக்கிறது.

ஒரு விந்தணு உருவாகி முதிர சுமார் இரண்டரை மாதங்கள் ஆகும். அதனால், புகை, மது, புகையிலையை இன்று நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். சர்க்கரைநோய் கட்டுப்பாட்டில் இல்லாதது, விரைப்பையில் நரம்புச் சுருட்டல், ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆகியவையும் விந்தணுவைப் பாதிக்கும். 'ஆண்மைக்கு நல்லது' என்று நினைத்துப் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பதினான்காம் நாள் என்ற தப்புக் கணக்கு

'14-ம் நாள் சேர்ந்தா போதும்' என்பது பரவலான நம்பிக்கை. 28 நாள் சுழற்சிக்குத்தான் அது பொருந்தும். நாற்பதுகளில் பலருக்குச் சுழற்சி சுருங்கி 25, 24 நாளாகிவிடும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள்களுக்கு முன்பாக முட்டை வெளிவருகிறது என்பதால், 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 10-ம் நாளிலேயே நடந்து முடிந்துவிடும். 14-ம் நாளுக்குக் காத்திருந்தால் ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்குப் போன கதைதான்.

வெளிவந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள்கள் வரை காத்திருக்கும். எனவே, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களுமே வாய்ப்புள்ள நாள்கள். நாள் எண்ணிக்கொண்டு பதற்றப்படுவதைவிட, மாதவிலக்கு முடிந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருப்பது எளிது. மனதுக்கும் அது நல்லது.

மாதங்கள் கரையும் இடங்கள்

கணவரின் சோதனை தள்ளிப்போவது முதல் இடம் என்றால், இன்னும் சில இடங்கள் உண்டு.

'ஆடி போகட்டும்', 'மார்கழி முடியட்டும், தையில பார்த்துக்கலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிவைப்பது ஒன்று. வருடத்துக்கு இரண்டு மாதம் இப்படியே போய்விடும். கோயிலுக்குப் போவதில் தவறில்லை. பாபநாசம் அருகே திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையிடம் நெய்ப் பிரசாதம் வாங்கி, 48 நாள் சாப்பிட்டுவரும் பெண்களுக்கு அது பெரிய மனத்தெம்பு. அந்த 48 நாள்களில் ஸ்கேனும் எடுக்கலாம். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்னொன்று, மருத்துவமனை மாற்றுவது. ஒரு மையத்தில் சோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும் நேரத்தில், 'என் நாத்தனாருக்கு அங்கதான் தங்குச்சு' என்று யாரோ சொல்ல, புது இடத்தில் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து ஆரம்பமாகும். மாறவேண்டிய அவசியம் இருந்தால் மாறலாம். ஆனால், ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், போட்ட மருந்துகளின் விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வைத்துக்கொள்வது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, எளிய சிகிச்சையிலேயே தங்கிவிடுவது. முட்டை வளர மாத்திரை, பிறகு விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ என்று ஆறு, எட்டு முறை போகும். இளவயதினருக்கு இது சரி. 40-ஐத் தாண்டியவர்களுக்கு ஐ.யூ.ஐ-யின் வெற்றி வாய்ப்பு குறைவு. அதைச் செய்வதானால் எத்தனை முறை, அடுத்து என்ன என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது, கடைகளிலும் இணையத்திலும் விற்கும் 'முட்டையின் தரத்தை உயர்த்தும்' பவுடர்களும் மாத்திரைகளும். கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுப்பது அவசியம் என்பது உறுதியான மருத்துவ உண்மை. குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளை அது தடுக்கும். ஆனால், முட்டையின் வயதைக் குறைக்கும் மருந்து என்று எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஐ.வி.எஃப் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, அது உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அடுத்த சில வாரங்களில், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. தன் சாதனையை யாரும் நம்பாத வேதனையில் 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று நம்ப மறுத்த சமூகம், இன்று ஐ.வி.எஃப்பை அளவுக்கு அதிகமாக நம்புகிறது. 'எப்ப வேணும்னாலும் ஐ.வி.எஃப் பண்ணிக்கலாம்' என்பது அந்த நம்பிக்கைதான்.

ஐ.வி.எஃப்பில் பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஊசி போட்டு, ஒரே சுழற்சியில் பல முட்டைகளை வளர வைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து அவற்றை எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்க்கிறார்கள். விந்தணு பலவீனமாக இருந்தால் ஒற்றை விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை உண்டு. மூன்று முதல் ஐந்து நாள்களில் வளர்ந்த கருவைக் கருப்பைக்குள் வைக்கிறார்கள். பிறகு, சுமார் இரண்டு வாரக் காத்திருப்பு.

கருக்குழாய் அடைப்பை ஐ.வி.எஃப் தாண்டிவிடும். விந்தணுக் குறைபாட்டைத் தாண்டிவிடும். முட்டையின் வயதைத் தாண்டாது. 41 வயது முட்டையை எடுத்து எந்த ஆய்வகத்தில் வைத்தாலும் அது 41 வயது முட்டைதான். இங்கிலாந்தில் கருத்தரிப்பு சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் புள்ளிவிவரப்படி, சொந்தக் கருமுட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, 35 வயதுக்குக் கீழ் சுமார் மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் அது 5 சதவிகிதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது.

தனியார் மையங்களில் ஒரு சுழற்சிக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது. பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு இதற்குக் கைகொடுப்பதில்லை. நகைக்கடன், பி.எஃப் பணம், ஊரில் இருக்கும் அரை கிரவுண்டு என்று ஒவ்வொன்றாகப் போகும். எனவே, 'வெற்றி விகிதம் 70 சதவிகிதம்' என்ற போர்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடக் கூடாது. அது எந்த வயதினருக்கான விகிதம், பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த கணக்கா, குழந்தையைக் கையில் வாங்கிய கணக்கா என்று கேட்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டியவை

* எங்கள் வயதில், சொந்தக் கருமுட்டையில், இந்த மையத்தில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது?

* மருந்து, ஊசி, ஆய்வகம், கருவை உறையவைப்பது எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தர முடியுமா?

* எங்களுக்கு ஐ.யூ.ஐ தேவையா? நேரடியாக ஐ.வி.எஃப் போகலாமா? ஏன்?

* எத்தனை கருக்களை வைப்பீர்கள்? இரட்டைக் குழந்தை உருவானால் இந்த வயதில் என்ன ஆபத்து?

* எந்தக் கட்டத்தில் 'போதும்' என்று சொல்வீர்கள்?

* மையத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பங்களை ஒழுங்குபடுத்தும் 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, எல்லா மையங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண் 50 வயதுக்குக் கீழும், ஆண் 55 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும். குழந்தையின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது குற்றம்.

'அது என் குழந்தையா இருக்குமா?'

நாற்பதுகளில் சிகிச்சைக்குப் போகும் பல பெண்களிடம், ஏதோ ஒரு கட்டத்தில் மருத்துவர் தயங்கியபடி ஒரு விஷயத்தை எடுப்பார்: தானக் கருமுட்டை.

இளம்பெண்ணின் முட்டையைக் கணவரின் விந்தணுவோடு சேர்த்து உருவாக்கும் கருவை, மனைவியின் கருப்பையில் வைக்கும் முறை இது. முட்டைக்குத்தான் வயதாகிறது. கருப்பைக்கு அந்த அளவு வயதாவதில்லை. அதனால்தான் 43 வயதில் சொந்த முட்டையில் 5 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும் வாய்ப்பு, தான முட்டையில் பல மடங்கு உயர்ந்து, இளவயதினரின் அளவை எட்டுகிறது.

கணக்கு தெளிவானது. மனம் அப்படி இல்லை. 'பத்து மாசம் நான் சுமந்தாலும் ஜாடை வேற யாருதோதானே?' என்று ஒரு பெண் நினைப்பார். 'வீட்ல சொல்லலாமா, வேணாமா?' என்று இருவரும் விடிய விடியப் பேசுவார்கள். கணவருக்கு ரத்தச் சம்பந்தம் இருக்கும், தனக்கு இருக்காது என்பது சிலருக்கு முள்ளாகக் குத்தும். இதற்குச் சரியான பதில் என்று பொதுவாக ஒன்று கிடையாது. அவசரப்படாமல், மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி, இருவரும் மனமொத்து எடுக்கவேண்டிய முடிவு. சம்மதம் இல்லாமல், அல்லது சரியாகப் புரியாமல், பத்துத் தாள்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தர முடியும். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற வங்கி வழியாகவே பெற வேண்டும். பிறக்கும் குழந்தை, சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே சட்டத்தின் முன் கருதப்படும். தானம் தந்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுக்கப்பட்டு விற்கப்பட்டது வெளியே வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. 'முட்டை எங்கிருந்து வருகிறது?' என்று கேட்பது தம்பதியின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.

இரண்டு கோடுகள் தெரிந்த பிறகு

பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் தெரிந்துவிட்டால், பயம் வேறு வடிவில் தொடங்கும். 40-ஐத் தாண்டிய கர்ப்பங்களில் மூன்றில் ஒன்றோ, அதற்கு மேலோ கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் அது அந்தக் கருவிலேயே இருக்கும் குரோமோசோம் பிழையால் நடப்பது. 'பஸ்ஸுல போனதாலதான்', 'பப்பாளி சாப்பிட்டதாலதான்' என்று அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்குவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 30 வயதில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருந்து, 40 வயதில் நூற்றில் ஒன்றாகிறது. அதாவது, நூற்றில் 99 குழந்தைகளுக்கு அந்தப் பிரச்னை இருக்காது. 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆபத்து அதிகமா, குறைவா என்று சொல்லிவிடும். கர்ப்பகாலச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், சிசேரியன் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் இந்த வயதில் கூடுதல். இவை எல்லாவற்றையும் கவனித்து, நல்லபடியாகக் குழந்தை பெற்றுக்கொண்ட நாற்பது வயதுப் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கருத்தரிக்கும் முன்பே கட்டுப்பாட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கே நிறுத்துவது?

சிகிச்சையைத் தொடங்குவது எளிது. நிறுத்துவதுதான் கடினம். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்ற எண்ணத்துக்கு முடிவே இருக்காது. தோல்வியடைந்த மறுநாள், கண்ணீரோடு உட்கார்ந்து அந்த முடிவை எடுக்க முடியாது. தொடங்கும் முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, இருவரும் பேசி ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு பணம், எந்த மாதம் வரை? தான முட்டைக்குச் சம்மதமா, இல்லையா? தத்தெடுக்கலாமா? 'நமக்கு நாமே போதும்' என்று வாழலாமா?

தத்தெடுப்பதாக இருந்தால், அதிலும் காலக்கணக்கு உண்டு. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் 2022-ம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க, பதிவு செய்யும் நாளில் கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90. நான்கிலிருந்து எட்டு வயதுக்கு 100. திருமணமாகி இரண்டு வருடங்களாவது ஆகியிருக்க வேண்டும்.

வளைகாப்பு மண்டபத்தில் பந்தியில் நின்ற அந்தப் பெண்ணின் வயது 41. கணவரின் வயது 45. கூட்டினால் 86. சென்ற வருடம் பதிவு செய்திருந்தால் 84. கைக்குழந்தைக்கான பட்டியலில் அவர்களுக்கு இடம் இருந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் இருவருக்கும் சேர்த்து இரண்டு வயது கூடுகிறது. 'எல்லா சிகிச்சையும் முடியட்டும், கடைசியா தத்து பத்தி யோசிக்கலாம்' என்று இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. தத்தெடுப்பது தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசல்ல. தொடக்கத்திலேயே பேசவேண்டிய வழிகளில் அதுவும் ஒன்று.

அந்தத் தம்பதி இப்போது ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கணவர் மறுநாளே பரிசோதனைக்குப் போனார். பத்து நிமிட வேலை. சொந்த முட்டையில் இரண்டு முறை ஐ.வி.எஃப், கையில் இருக்கும் சேமிப்புக்குள். வீட்டை அடமானம் வைப்பதில்லை. இதற்கிடையில், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை ஒன்றைத் தங்களால் மனதார ஏற்க முடியுமா என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். குழந்தை வருமா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால், இந்த மாதம் என்ன செய்கிறோம் என்பது தெரியும். மூன்று வருடங்களில் முதல்முறையாக.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை

'விசேஷம் உண்டா?' என்று கேட்காமல் இருப்பது நல்லது. விசேஷம் இருந்தால் அவர்களே சொல்வார்கள். அதற்காக, அவர்கள் முன்னால் குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதும், கர்ப்பிணி வரும்போது அவர்களை ஓரம்கட்டுவதும் கரிசனம் ஆகிவிடாது. மருத்துவமனைக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்கலாம். ஊசி போடும் நாள்களில் சமைத்துக் கொடுத்தனுப்பலாம். மகனைப் பெற்ற தாய், 'முதல்ல நீ போய் டெஸ்ட் எடுத்துட்டு வாடா' என்று மகனிடம் சொல்லலாம். அதுவே மருமகளுக்குப் பெரிய துணை.

அடுத்த வளைகாப்பில், பந்தியைக் கவனிக்க வேறு யாரையாவது அனுப்பிவிட்டு, தட்டிலிருந்து இரண்டு வளையல்களை எடுத்து அந்தச் சித்தியின் கையில் கொடுத்து, 'வாம்மா, நீயும் வந்து போடு' என்று கூப்பிடலாம். அதற்கு நல்ல நாள், நேரம் எதுவும் பார்க்கத் தேவையில்லை.